மணிக்கட்டு வழியா, தொடை வழியா?

பேராக்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் இரண்டு பக்கம். சாரம் இதுதான்: அவருடைய தந்தைக்கு விடியற்காலையில் மாரடைப்பு. பக்கத்து மாவட்ட மருத்துவமனையில் ஊசி போட்டுவிட்டு, ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். போய்ச் சேரும்போதே ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டது. தொடை வழியாக ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் இறந்துவிட்டார். கருமக்கிரியைக்கு வந்த உறவினர்கள், "மாமாவுக்குப் போன வருஷம் கையிலதானே செஞ்சாங்க, மறுநாளே எழுந்து நடந்தாரே. இவருக்கும் கையில செஞ்சிருந்தா பிழைச்சிருப்பாரு" என்று பேசிக்கொண்டார்களாம். "படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான், டாக்டர். கையில் செய்யுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டுமா?" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, முதலில் உங்களுக்கு. நீங்கள் கேட்டிருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கேட்கக்கூடிய கேள்வியே அல்ல அது. உங்கள் தந்தையின் மருத்துவக் குறிப்புகளை நான் பார்த்ததில்லை. ஆகவே அங்கே நடந்தது சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அப்பாவின் கை ஐஸ் மாதிரி இருந்தது, தாதி நாடி பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்." அந்த ஒரு வரியில் பாதி விளக்கம் இருக்கிறது. மீதியைச் சொல்கிறேன். இதே கேள்வி வேறு பல குடும்பங்களிலும் இருப்பதை நான் அறிவேன்.

மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் ஒன்று ரத்தக்கட்டியால் திடீரென்று அடைபட்டுப்போவது. அடைப்பு முழுமையாக இருந்தால், அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கிறது. அதைத் திறக்க நம்மிடம் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கட்டியைக் கரைக்கும் ஊசி. மற்றது, மெல்லிய குழாயை உடம்புக்குள் செலுத்தி, அடைபட்ட இடத்தில் பலூனை விரித்து, ஸ்டென்ட் வைப்பது. இரண்டாவதுதான் மேலானது, ஆனால் அது நேரத்தோடு கிடைக்க வேண்டும். இசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குழாயைத் திறக்க முடியாது என்றால், ஊசியைப் போட்டுவிட்டு அனுப்புவதே முறை. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருப்பவருக்கு நேரே பலூன் கிடைக்கலாம். தோட்டப்புறத்தில், சிறு பட்டணத்தில் இருப்பவருக்கு முதலில் ஊசி, பிறகு ஆம்புலன்ஸ். உங்கள் தந்தைக்கு நடந்ததும் அதுவே.

அந்தக் குழாயை உடம்புக்குள் எங்கே நுழைப்பது என்பதுதான் இந்த வாரத்துக் கேள்வி.

நுழைவாசல் இரண்டு. தொடை இடுக்கில் ஓடும் தமனி பெரியது. ஒரு சுண்டுவிரல் பருமன் இருக்கும். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், நாடி பிடித்துப் பார்க்கும் இடத்தில் ஓடுவது சிறியது. இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர்தான். பெண்களுக்கு இன்னும் ஒடுங்கியிருக்கும். நாங்கள் வழக்கமாக உபயோகிக்கும் கதீட்டர் குழாயின் விட்டம் இரண்டு மில்லிமீட்டர். ஆக, மணிக்கட்டில் வேலை செய்வது கம்பத்துச் சந்தில் லாரி ஓட்டுவதைப் போன்றது. போகலாம், ஆனால் ஓட்டுநருக்குப் பழக்கம் வேண்டும்.

இதயத்துக்குக் குழாய் விடும் கலை கையில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1929இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் தன் முழங்கை மடிப்பிலிருந்த சிரையைக் கீறி, ஒரு குழாயைத் தன் இதயம்வரை தானே செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். கிறுக்கன் என்றார்கள், 1956இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் மேசன் சோன்ஸ் இதயத் தமனிகளைப் படம் பிடிக்கத் தொடங்கியபோதும் முழங்கைப் பக்கம்தான் கீறினார். அறுபதுகளின் பிற்பகுதியில் மெல்வின் ஜட்கின்ஸ் தொடை வழியைச் சுலபமாக்கினார். அதன்பின் உலகமே தொடைக்கு மாறியது. 1977இல் சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் முதல் பலூன் சிகிச்சையைச் செய்ததும் தொடை வழியாகத்தான். மணிக்கட்டை மீட்டெடுத்தவர்கள் இருவர். 1989இல் மொன்ட்ரியால் நகரின் லூசியன் கம்போ, மணிக்கட்டுத் தமனி வழியே நூறு பேருக்கு ஆஞ்சியோகிராம் எடுத்து வெளியிட்டார். 1992இல் ஆம்ஸ்டர்டாமின் ஃபெர்டினாண்ட் கீமெனெய் அதே வழியில் அடைப்பையே நீக்கிக் காட்டினார்.

அதன் பிறகும் இருபது வருடம் பிடித்தது. தொடை வழியே பழகிய கைகள் சுலபமாக மாறுவதில்லை. "அவசரத்தில் எதற்கு விஷப்பரீட்சை" என்பார்கள் மூத்தவர்கள். அவசரத்தில்தான் மணிக்கட்டு அதிகம் உதவுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. காரணம், ரத்தக்கசிவு.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாரடைப்பு நோயாளியின் ரத்தத்தை நாங்கள் வேண்டுமென்றே உறையவிடாமல் செய்கிறோம். ஆஸ்பிரின், அதோடு இன்னொரு மாத்திரை, அதற்குமேல் ஹெப்பாரின். மாவட்ட மருத்துவமனையில் ஏற்கெனவே கட்டி கரைக்கும் ஊசியும் போட்டிருந்தால், அந்த உடம்பில் எங்கே துளை போட்டாலும் ரத்தம் நிற்க மறுக்கும். அப்படிப்பட்ட உடம்பில், சுண்டுவிரல் பருமனுள்ள பெரிய தமனியில் துளை போடுகிறோம். வேலை முடிந்து குழாயை எடுத்த பிறகு அழுத்திப் பிடிக்க வேண்டும். பருமனான உடம்பென்றால் தமனி எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தட்டுப்படாது. துளை கொஞ்சம் மேலே தள்ளி விழுந்துவிட்டால் இன்னும் ஆபத்து. ரத்தம் வெளியே வராது. வயிற்றுக்குப் பின்புறம் உள்ளேயே தேங்கும். படுக்கை விரிப்பில் ஒரு துளிகூட இருக்காது. நோயாளி "இடுப்பு வலிக்குது" என்பார், வியர்ப்பார், அழுத்தம் சரியும். அதற்குள் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே போயிருக்கலாம்.

ரத்தம் போனால் ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஏற்றலாம். ஆனால் கசிவை நிறுத்த, உறையாமல் தடுக்கும் மருந்துகளை நிறுத்த வேண்டிவரும். நிறுத்தினால், சற்றுமுன் வைத்த புது ஸ்டென்டுக்குள் மறுபடி கட்டி உறையும். இரண்டாவது மாரடைப்பு. ஏற்கெனவே பாதி செத்த இதயத்துக்கு அதைத் தாங்கும் சக்தி இருக்காது. இந்தச் சங்கிலியில் இறந்தவர்கள் நிறையப் பேர். சான்றிதழில் காரணம் "மாரடைப்பு" என்றே இருக்கும்.

மணிக்கட்டில் இந்தத் தொல்லை இல்லை. தமனி தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, கீழே எலும்பு. ஒரு பட்டையைக் கட்டிக் காற்றடைத்தால் ரத்தம் நின்றுவிடும். கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். அந்தத் தமனியே அடைபட்டாலும், சுண்டுவிரல் பக்கம் ஓடும் இன்னொரு தமனி பெரும்பாலும் கைக்கு ரத்தம் கொடுத்துவிடும்.

பெரிய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன, ஆனால் ஒரே குரலில் அல்ல. 2011இல் வந்த ரைவல் ஆய்வில் 7,021 பேர். எல்லா வகை நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முழு அடைப்பு மாரடைப்புக்காரர்களைத் தனியே பார்த்தபோது இறப்பு மணிக்கட்டில் 1.3 விழுக்காடு, தொடையில் 3.2 விழுக்காடு. அடுத்த ஆண்டு இத்தாலியில் 1,001 மாரடைப்பு நோயாளிகளிடம் செய்த ரைஃபிள் ஆய்வில், இதயக் கோளாறால் இறந்தவர்கள் மணிக்கட்டில் 5.2, தொடையில் 9.2 விழுக்காடு. 2015இல் மேட்ரிக்ஸ் ஆய்வில் 8,404 பேர், இறப்பு 1.6க்கு 2.2. சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் மணிக்கட்டில் கொஞ்சம் குறைவாக இருந்தது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2020இல் கனடாவில் வந்த சஃபாரி ஆய்வில் 2,292 பேர். இறப்பில் வித்தியாசமே இல்லை, 1.5க்கு 1.3. தொடை வழியில் நல்ல தேர்ச்சி உள்ள மருத்துவர், நவீன மருந்துகளோடு, கவனமாகச் செய்தால் தொடையும் மோசமில்லை என்பதுதான் அதற்குப் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டி நெறிகள் இரண்டும் இன்று மாரடைப்புக்கு மணிக்கட்டையே முதல் வழியாகப் பரிந்துரைக்கின்றன. அனுபவமுள்ள கை வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் யாரும் மறந்துவிடக்கூடாது.

சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னால் இது புரியும். எழுபதைத் தாண்டியவர், சிறிய உடம்பு, நாற்பத்தைந்து கிலோகூட இருக்கமாட்டார். நீரிழிவு, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. முன்னிரவில் நெஞ்சு வலி. வாயுத் தொல்லை என்று தைலம் தேய்த்து, வெந்நீர் குடித்து, விடிந்ததும்தான் மகன் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு மாவட்ட மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அங்கே கட்டி கரைக்கும் ஊசி. ஒன்றரை மணி நேரம் கழித்தும் வலி குறையவில்லை, இசிஜியும் மாறவில்லை. ஊசி வேலை செய்யவில்லை என்று பொருள். உடனே எங்களிடம் அனுப்பினார்கள். வந்து இறங்கியபோது அழுத்தம் எண்பதுக்கும் கீழே. அவசரப் பிரிவின் சிவப்பு மண்டலத்திலிருந்து நேராக கேத்லேபுக்குக் கொண்டுவந்தோம்.

கதவருகே மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர், அம்மாவுக்கு வலி நெஞ்சுல. நீங்க ஏன் கையைத் துடைக்கிறீங்க?" அரை நிமிடத்தில் என்ன சொல்ல முடியுமோ சொன்னேன். "தம்பி, கையிலிருந்தும் நெஞ்சுக்குப் பாதை இருக்கு. அம்மாவுக்கு இதுதான் ரத்தம் குறைவாப் போற பாதை."

இந்தப் பாட்டியைப் போன்றவர்களைத்தான் நாங்கள் அதிக ஆபத்துள்ளவர்கள் என்கிறோம். வயது, பெண், சிறிய உடம்பு, ஊசி போட்டும் பலனில்லாமை, இறங்கிய அழுத்தம். கசிவு ஏற்படுவதற்கான அத்தனை காரணங்களும் ஒரே ஆளிடம். மணிக்கட்டினால் அதிக நன்மை பெறக்கூடியவர் அவர். மணிக்கட்டில் நுழைவது மிகக் கடினமாக இருக்கப்போவதும் அவருக்கே. இந்தத் தொழிலின் தலைவலி இது.

ஏன் கடினம்? அழுத்தம் இறங்கும்போது உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. மணிக்கட்டுத் தமனி நூல் மாதிரி ஆகிவிடும். அழுத்தத்தை ஏற்ற நாங்கள் ஓட்டும் மருந்தும் அதை மேலும் சுருக்கும். வழக்கமாகத் தமனி சுருங்காமலிருக்க அங்கேயே தளர்த்தும் மருந்து கொடுப்போம். அழுத்தம் எண்பதில் இருப்பவருக்கு அதைக் கொடுக்கத் தயங்குவோம். இருக்கிற அழுத்தமும் போய்விடும். வயதான, நீண்டகால ரத்தக் கொதிப்புள்ள குள்ளமான பெண்களுக்குத் தோளிலிருந்து இதயத்துக்குப் போகும் பாதை கேமரன் மலைச் சாலை மாதிரி வளைந்து வளைந்து போகும். நுழைந்தாலும் போய்ச் சேர்வது அடுத்த பாடு.

ஸ்கேன் கருவியை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். தமனி இருந்தது. மெலிந்திருந்தது, ஆனால் துடித்தது. முதல் குத்தலிலேயே ஊசி உள்ளே போனது. இப்போதெல்லாம் கண்ணால் பார்த்துக் குத்துவதால் தடவித் தேடும் நேரம் மிச்சமாகிறது. அவருடைய இதயத்தின் வலப்பக்கத் தமனி அடைபட்டிருந்தது. திறந்து ஸ்டென்ட் வைத்தோம். அழுத்தம் மெல்ல ஏறியது.

மறுநாள் வார்டில் அவரைப் பார்த்தபோது, மாவட்ட மருத்துவமனையில் ரத்தம் எடுத்த முழங்கை மடிப்பு முழுவதும் கறுத்து வீங்கியிருந்தது. ஈறுகளில் கசிவு. வெறும் ரத்தப் பரிசோதனைக்குக் குத்திய இடமே அப்படி என்றால், தொடைத் தமனியில் துளை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். மணிக்கட்டில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குத்தான் தழும்பு. ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார். போகும்போது, "கையில குத்தினதுக்கு நெஞ்சு வலி போயிடுச்சே, என்ன மாயம்" என்று தாதியிடம் கேட்டாராம்.

ஆனால் எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. ஸ்கேனில் பார்த்தும் தமனி துடிப்பே இல்லாமல் தட்டையாகக் கிடப்பதுண்டு. அப்போது என்ன செய்வது? இரண்டு மூன்று நிமிடம் முயலலாம். கிடைக்கவில்லை என்றால் கூச்சப்படாமல் தொடைக்குப் போக வேண்டும். மணிக்கட்டில் செய்தேன் என்ற பெருமைக்காக இருபது நிமிடம் தடவிக்கொண்டிருக்கும் மருத்துவர் நோயாளிக்கு நன்மை செய்யவில்லை. அடைபட்ட குழாய் அதுவரை அடைபட்டேதான் இருக்கிறது. என் அறையில் நான் இளம் மருத்துவர்களிடம் சொல்வது: கையைத் துடைக்கும்போதே தொடையையும் துடைத்து வையுங்கள். மாறுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. இதயம் அடியோடு தளர்ந்து போனவர்களுக்கு வெறும் ஸ்டென்ட் போதாமல், ரத்தத்தைத் தள்ளிவிட உள்ளே ஒரு சிறிய பம்ப் வைக்க நேரலாம். அந்தப் பம்பின் குழாய் நாலரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். மணிக்கட்டில் நுழையவே நுழையாது, தொடைதான். 2024இல் வெளியான டேன்ஜர் ஷாக் என்ற ஆய்வில், கவனமாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அந்தப் பம்ப் வைத்தபோது ஆறு மாதத்தில் இறப்பு 58.5 விழுக்காட்டிலிருந்து 45.8ஆகக் குறைந்தது. கசிவும் காலுக்கு ரத்தம் குறைவதும் அதிகரித்தன என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே, தொடையில் குழாய் போட்டார்கள் என்பதைக் கொண்டு மட்டும் பழைய முறை, தெரியாத மருத்துவர் என்று முடிவுகட்ட வேண்டாம். சில நேரம் மணிக்கட்டில் ஸ்டென்ட், தொடையில் பம்ப் என்று இரண்டும் நடக்கும்.

அந்த எண்களை வாசகி மறுபடி படிக்க வேண்டுகிறேன். மாரடைப்போடு அழுத்தமும் சரிந்து கைகால் சில்லிட்டுப்போன நிலையை நாங்கள் கார்டியோஜெனிக் ஷாக் என்போம். சிறந்த வசதிகளோடு, சிறந்த மையங்களில், ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர் அதில் இறக்கிறார். இது 2024இன் கணக்கு. அத்தகைய நோயாளிகளை மணிக்கட்டா தொடையா என்று ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் அதிகம் சேர்க்கவே இல்லை. பிரிட்டனின் பதிவேடுகளில் பார்த்தால், ஷாக்கில் மணிக்கட்டு வழியே சிகிச்சை பெற்றவர்கள் அதிகம் பிழைத்திருப்பதாகத் தெரிகிறது. ஆனால் மணிக்கட்டில் நாடி கிடைத்தவர் என்றாலே அவருடைய நிலை கொஞ்சம் மேல் என்றுதானே அர்த்தம்? நாடி இல்லாதவர் தொடைக்குப் போயிருப்பார். வழி காப்பாற்றியதா, நாடி இருந்ததால் பிழைத்தாரா என்று பிரித்துச் சொல்ல அந்தப் பதிவேட்டால் முடியாது.

உங்கள் மாமா பிழைத்தது கையில் செய்ததால் அல்ல, அம்மா. அவர் நடந்து வந்து படுத்தவர்; உங்கள் தந்தை நாடி இல்லாமல் வந்தவர். கையில் செய்யவில்லை என்பது உங்கள் தந்தையின் நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதன் அடையாளமாக இருந்திருக்கலாம். அவர் இறந்ததற்குக் காரணம் அதுதான் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. உங்கள் கையெழுத்து, குழாயைத் திறக்க அனுமதி கொடுத்த கையெழுத்து. அதைத் தாமதிக்காமல் போட்டீர்கள். உறவினர்கள் மறுபடி பேசினால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொடுங்கள். மருத்துவமனையில் என்ன நடந்தது என்று முழுமையாகத் தெரிந்துகொள்ள விரும்பினால், நெருங்கிய உறவினர் என்ற முறையில் மருத்துவ அறிக்கை கேட்டு விண்ணப்பிக்கலாம். சிகிச்சை அளித்த பிரிவைச் சந்திக்க நேரமும் கேட்கலாம். குற்றம் கண்டுபிடிக்கத்தான் போக வேண்டும் என்பதில்லை. விளக்கம் கேட்பதற்காகவே போகலாம்.

இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. சக மருத்துவர்கள் சிலர் கோபித்துக்கொள்ளக்கூடும். மணிக்கட்டு வழக்கமாகிவிட்டதால், இளையவர்களுக்குத் தொடை வழியில் கை பழகுவது குறைந்துவிட்டது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மணிக்கட்டில் செய்துவிட்டு, மிக மோசமான பத்தாவது ஆளிடம் மட்டும் தொடையைத் தேடினால், அந்தத் தொடை வழி முன்பைவிட ஆபத்தாகத்தான் இருக்கும். தொடையிலும் ஸ்கேன் பார்த்துக் குத்துவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி. கருவி பக்கத்திலேயே இருக்கிறது. இழுத்து வைக்க அரை நிமிடம்.

நம் சமூகத்துக்கு இது ஏன் முக்கியம்? 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மற்ற இனத்தவரைவிட அதிகம். நீரிழிவு இருந்தால் இதயத் தமனியும் கெடும், சிறுநீரகமும் கெடும். ஆகவே கேத்லேபுக்கு வரும் நம்மவர்களில் டயாலிசிஸ் செய்பவர்களும், செய்யவேண்டிய கட்டத்தை நெருங்கியவர்களும் இருக்கிறார்கள். டயாலிசிசுக்காகக் கையில் ஃபிஸ்டுலா வைத்திருந்தால் அந்தக் கையைத் தொடமாட்டோம். நோயாளி மயக்கத்தில் இருந்தால் குடும்பத்தினர் சொல்லுங்கள், எந்தக் கை என்று. விரைவில் டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று சிறுநீரக மருத்துவர் சொல்லியிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஃபிஸ்டுலா வைப்பதற்கு மணிக்கட்டுத் தமனி தேவைப்படும் என்பதால், அதைக் கெடுக்காமல் இருக்கப் பார்ப்போம். முன்பே பைபாஸ் செய்தவர் என்றால் அதுவும் தெரிய வேண்டும். நெஞ்சுக்கூட்டின் இடப்பக்கத்துத் தமனியை இதயத்தில் இணைத்திருப்பார்கள். அதைப் பார்க்க இடது கைதான் வசதி. சில பைபாஸ்களில் கைத் தமனியையே வெட்டி எடுத்திருப்பார்கள்.

அப்புறம் வளையல், காப்பு, கயிறு. தைப்பூசத்துக்குக் கட்டிய காப்பு, கோயிலில் மந்திரித்துக் கட்டிய கயிறு, வருடக்கணக்கில் கழற்றாமல் சதையோடு இறுகிப்போன தங்க வளையல். இவை மூன்றும் எங்கள் அறையில் நிமிடங்களைத் தின்கின்றன. தாலியைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம், அதை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் மணிக்கட்டில் இருப்பது கழன்றாக வேண்டும். ஒரு முறை நோயாளியின் மனைவி, விரதம் முடியுமுன் காப்பை அறுக்கக்கூடாது என்று அழுதார். தாதி ஒருவர், அவரும் நம்மவர்தான், "அக்கா, முருகனுக்கு ஆஸ்பத்திரி விலாசமும் தெரியும்" என்றார். அறுத்தோம். நெஞ்சு வலியோடு ஆம்புலன்சுக்குக் காத்திருக்கும்போது வீட்டிலேயே இரண்டு கை வளையல்களையும் மோதிரங்களையும் கழற்றிவிட்டால் அது பெரிய உதவி. கழற்றுவதற்காக ஆம்புலன்சை நிறுத்தி வைக்க வேண்டாம்.

மணிக்கட்டில் செய்துகொண்டு வீடு திரும்பியவர்களுக்குச் சில வார்த்தைகள். கட்டிய பட்டையைச் சில மணி நேரத்தில் மருத்துவமனையிலேயே கழற்றிவிடுவார்கள். அதன்பின் மணிக்கட்டைச் சுற்றி நீலம் பாரிப்பது சகஜம். சில நாள் அந்தக் கையால் தண்ணீர் வாளி, கேஸ் தோம்பு தூக்க வேண்டாம். மோட்டார் சைக்கிளும் வேண்டாம்; முறுக்குவது அதே வலது மணிக்கட்டுதான். எப்போது ஓட்டலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மாரடைப்பு வந்தவர் என்றால் கைக்காக மட்டுமல்ல, இதயத்துக்காகவும் காத்திருக்க வேண்டும். விரல்கள் மரத்துப்போனாலோ, சில்லிட்டாலோ, முழங்கைக்குக் கீழே வீங்கி இறுகினாலோ உடனே வந்துவிடுங்கள். கையில் நாடி தெரியவில்லை என்று ஓரிருவர் பின்னர் கண்டுபிடித்துப் பதறுவார்கள். வலியும் மரத்துப்போதலும் இல்லையென்றால் அது அநேகமாகத் தொல்லை தராது. அடுத்த முறை வரும்போது சொன்னால் போதும்.

துளையிட்ட இடத்தில் வீட்டில் ரத்தம் கசிந்தால், உட்காருங்கள். இரண்டு விரலால் அந்த இடத்தின் மேல் நேராக, பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைக்க வேண்டாம். நிற்கவில்லை என்றால் அழுத்தியபடியே இன்னொருவரை 999க்கு அழைக்கச் சொல்லுங்கள். தொடையில் செய்தவர்களுக்கு வேறு கணக்கு. துளையிட்ட இடத்தில் புடைப்பு, திடீரென்று இடுப்பிலோ முதுகிலோ வலி, எழுந்ததும் கண்ணைக் கட்டுவது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் படுத்துக்கொண்டு உடனே 999. பேண்டேஜில் ரத்தம் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

எந்த வழியில் செய்திருந்தாலும், கசிகிறதே என்று ஆஸ்பிரினையும் அதோடு கொடுத்த இன்னொரு மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முதலில் தொலைபேசியில் கேளுங்கள். பல் பிடுங்கப் போனாலும், அந்த மாத்திரைகளின் பெயரைப் பல் மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாயைத் திறங்கள்.